எஃப்சிங்க் ஒருமுறை பிழை, மறுமுறை வெற்றி: கர்னலில் எங்கே கை வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர், தங்கள் அலுவலகத்துக்கென்றே எழுதப்பட்ட ஒரு கோப்பு முறைமை மாட்யூலை (கர்னலோடு சேரும் நிரல் துண்டை) லினக்ஸ் 5.15 கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஓட்டுகிறார். அடியில் இருக்கும் டிஸ்க் ஒரு எழுத்தை (எழுதும் கோரிக்கையை) ஏற்க மறுத்தால், கோப்பில் எழுதிய புரோசஸ் (ஓடும் புரோகிராம்) எஃப்சிங்கை, அதாவது "எழுதியதை டிஸ்கில் சேர்" என்ற அழைப்பை, அழைக்கும்போது இஐஓ என்ற உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை வருகிறது. உடனே மறுபடி அழைத்தால் வெற்றி என்கிறது. அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் இரண்டாவது புரோசஸுக்கோ பிழையே வரவில்லை. டிஸ்கில் பார்த்தால் தரவு இல்லை. இதற்கு அவர் ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதியிருக்கிறார்: எழுத்து தோற்றால் அந்தத் தரவு இருக்கும் நினைவகப் பக்கத்தை மறுபடியும் டர்ட்டி (இன்னும் டிஸ்குக்குப் போகவில்லை) என்று குறித்துவிடுவது. இது சரியான வழியா என்று கேட்கிறார்.

அந்த பேட்சைச் சேர்க்காதீர்கள். நீங்கள் பார்ப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒரே ஃபைல் டிஸ்கிரிப்டரில் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்ணில்) இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி சொல்வது, பிடிக்கிறதோ இல்லையோ, லினக்ஸ் தெரிந்தே எடுத்த முடிவு. இரண்டாவது புரோசஸுக்குப் பிழை வராமல் போனது உங்கள் மாட்யூலின் பிழை. பெரும்பாலும் ஒரு வரியை மாற்றினால் அது சரியாகிவிடும். ஆனால் எந்த வரி, ஏன் அந்த வரி என்பது புரியாமல் மாற்றினால் ஆறு மாதம் கழித்து வேறு இடத்தில் இதே வேதனை வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு புரோகிராம் ரைட் அழைத்தால் தரவு டிஸ்குக்குப் போவதில்லை. கர்னல் அதைப் பேஜ் கேஷில் (கோப்புத் தரவுக்கான நினைவகப் பகுதியில்) நகலெடுத்து, பக்கத்தை டர்ட்டி என்று குறித்து, "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று திரும்பிவிடுகிறது. பிறகு ஃபிளஷர் திரெட்கள் அதை டிஸ்குக்குக் கொண்டுபோகின்றன. இயல்பு அமைப்பில் அவை 5 விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். 30 விநாடிக்கு மேல் பழசான டர்ட்டி பக்கங்களை எழுதும். அந்த நேரத்துக்குள் எழுதிய புரோகிராம் கோப்பை மூடியிருக்கலாம், செத்தே போயிருக்கலாம். அப்போது டிஸ்க் "முடியாது" என்றால் அந்தச் சேதியை யாரிடம் சொல்வது? எஃப்சிங்க் தொடர்பான அத்தனை சிக்கலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. எழுதும் வேலையைக் கர்னல் ஒத்திப்போடுகிறது. அதனால் பிழையைச் சொல்லும் வேலையும் ஒத்திப்போகிறது. ஒத்திப்போட்ட பிழையை எங்கேயாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, எத்தனை பேரிடம் சொல்வது என்பதில்தான் பிழைகள் முளைக்கின்றன.

பழைய லினக்ஸில் அந்த நினைவு வெறும் இரண்டு பிட்கள். ஒவ்வொரு கோப்பின் பேஜ் கேஷுக்கும் தலைமையாக இருக்கும் அட்ரஸ் ஸ்பேஸ் அமைப்பில், பொதுவான எழுத்துப் பிழைக்கு ஒரு கொடி, இடம் தீர்ந்துபோனதற்கு ஒரு கொடி. எஃப்சிங்க் வரும்போது கொடியைப் பார்க்கும், இருந்தால் பிழை சொல்லும், அங்கேயே கொடியை இறக்கிவிடும். யார் முதலில் கேட்கிறார்களோ அவருக்கு மட்டும் விடை. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மற்ற பத்துப் பேரும் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொடுமை, கேட்டவர் அந்தப் பிழையைப் பொருட்படுத்தாதவராகக் கூட இருக்கலாம். தாமாக ஒத்திசைக்கும் ஏதோ ஒரு துணை நிரல் முந்திக்கொண்டு கேட்டு, விடையைக் குப்பையில் போட்டுவிட்டால், தரவுக்குப் பொறுப்பான புரோசஸுக்கு எதுவும் தெரியாது.

உங்கள் இரண்டாவது புரோசஸுக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். ஆனால் நீங்கள் 5.15 ஓட்டுகிறீர்களே, இந்தப் பழைய நோய் எப்படி இன்னும் இருக்கிறது? அதைப் பிறகு சொல்கிறேன்.

2017-ல் வந்த லினக்ஸ் 4.13-ல் ஜெஃப் லேட்டன் இதற்கு ஒரு புதிய வகையைக் கொண்டுவந்தார்: எர்செக்-டி. எனக்கு மிகவும் பிடித்த கர்னல் வேலைப்பாடுகளில் இது ஒன்று, ஏனென்றால் வெறும் 32 பிட்டில் பிரச்சினையை அடக்கிவிட்டது. கீழ் 12 பிட்களில் கடைசியாக வந்த பிழை எண். அதற்கு மேல் ஒரு பிட், "இதை யாராவது பார்த்தார்களா" என்பதற்கு. மிச்சமுள்ள 19 பிட்களும் ஒரு எண்ணி. அட்ரஸ் ஸ்பேஸில் இந்த எண் ஒன்று இருக்கும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும் அந்த நேரத்து மதிப்பைத் தன் ஃபைல் அமைப்பில் (திறந்த கோப்புக்குக் கர்னல் வைக்கும் பதிவில்) குறித்து வைத்துக்கொள்வார். எஃப்சிங்க் வரும்போது இரண்டையும் ஒப்பிட்டால் போதும். மாறியிருந்தால் நான் கடைசியாகப் பார்த்த பிறகு ஏதோ தோற்றிருக்கிறது என்று பொருள்; பிழையைச் சொல்லிவிட்டு என் குறிப்பைப் புதுப்பித்துக்கொள்வேன். உங்கள் குறிப்பு தனியாக இருப்பதால் நான் பார்த்தது உங்களைப் பாதிக்காது. பத்துப் பேர் திறந்திருந்தால் பத்துப் பேருக்கும் பிழை போகும், ஆளுக்கு ஒருமுறை.

அந்தப் "பார்த்தார்களா" பிட் எதற்கு என்று பலர் குழம்புவார்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான பிழைகளைத் தரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் எண்ணியை ஏற்றினால் 19 பிட் சீக்கிரமே சுற்றிக்கொண்டு பழைய மதிப்புக்கே வந்துவிடும். அப்போது மாற்றமே தெரியாது. அதனால், முந்தைய பிழையை யாரும் இன்னும் பார்க்காத வரை எண்ணியை ஏற்றத் தேவையில்லை என்று வைத்தார்கள். பார்த்த பிறகு வரும் பிழைக்குத்தான் எண்ணி ஒரு படி ஏறும்.

இவ்வளவு நன்றாக யோசித்த மாற்றத்திலும் ஓட்டை இருந்தது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் அதைக் கண்டார்கள். அந்தத் தரவுத்தளத்தில் தரவுக் கோப்பில் எழுதுவது ஒரு புரோசஸ், எஃப்சிங்க் அழைப்பது செக்பாயிண்டர் என்ற இன்னொரு புரோசஸ். செக்பாயிண்டர் பெரும்பாலும் கோப்பைப் பிறகுதான் திறக்கும். பிழை வந்து போன பிறகு திறந்தால், அது குறித்துக்கொள்வதே பிழைக்குப் பிந்தைய மதிப்பு. ஒப்பிடும்போது மாற்றம் தெரியாது. பழைய இரண்டு பிட் முறையில்கூட இந்த இடத்தில் பிழை கிடைத்திருக்கும்! ஒரு தவறைத் திருத்தியதில் இன்னொருவர் நம்பியிருந்த நடத்தை போய்விட்டது. 4.17-ல் மேத்யூ வில்காக்ஸின் சிறு மாற்றம் அதைச் சரிசெய்தது: பிழையை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றால், புதிதாகத் திறப்பவர் சுழியத்தைக் குறித்துக்கொள்வார், அவருடைய முதல் எஃப்சிங்கிலேயே பிழை தெரிந்துவிடும். ஆக, ஒவ்வொரு பிழையும் குறைந்தது ஒருவரையாவது சேரும். அதிலும் ஒரு விளிம்பு மிச்சமிருக்கிறது. யாருமே கோப்பைத் திறந்து வைத்திருக்காத நேரத்தில் நினைவக நெருக்கடியால் ஐநோடே (கோப்பின் விவரப் பதிவே) வெளியேற்றப்பட்டால், பிழையின் நினைவும் அதோடு போய்விடும். 5.8 முதல், முழுக் கோப்பு முறைமையையும் டிஸ்கில் சேர்க்கும் சிங்க்எஃப்எஸ் அழைப்பும் கோப்பு முறைமை அளவில் எழுத்துப் பிழைகளைச் சொல்கிறது என்பதால் அந்த விளிம்பு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் பேட்சுக்கு வருவோம். எழுத்துக்கு அனுப்பும்முன் கர்னல் பக்கத்தின் டர்ட்டி குறியை எடுத்துவிடுகிறது. எழுத்து தோற்றாலும் அந்தக் குறி திரும்ப வருவதில்லை. அதனால்தான் அடுத்த எஃப்சிங்குக்கு எழுத ஒன்றும் இல்லை, பிழையும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வெற்றி. மறுபடி டர்ட்டி ஆக்கினால் நேர்மையாக இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் அந்த வழியில்தான் போகிறது. நானும் ஒரு காலத்தில் லினக்ஸ் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று வாதாடியவன்.

என் மனத்தை மாற்றியது, பிடுங்கப்பட்ட யூஎஸ்பி டிஸ்க். அதற்கு எழுத வேண்டிய ஒரு ஜிபி டர்ட்டி பக்கங்கள் நினைவகத்தில் நிற்கின்றன என்று வையுங்கள். டிஸ்க் திரும்ப வரப்போவதில்லை. பக்கங்கள் என்றைக்கும் சுத்தமாகாது, விடுவிக்கவும் முடியாது. அதோடு நிற்காது. டர்ட்டி பக்கங்கள், பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் ஒரு விகிதத்தைத் தாண்டினால் (இயல்பு மதிப்பு 20 விழுக்காடு) எழுதுகிற புரோசஸ்களைக் கர்னல் தடுத்து நிறுத்தும். செத்துப்போன ஒரு டிஸ்கின் பக்கங்கள் அந்த ஒதுக்கீட்டைத் தின்றுகொண்டிருந்தால், நல்ல டிஸ்கில் எழுதுபவர்களும் மூச்சுத் திணறுவார்கள். அன்மவுண்ட் செய்யப்போனால் (கோப்பு முறைமையைக் கழற்றப்போனால்) அதுவும் அந்தப் பக்கங்களுக்காகக் காத்துக் கிடக்கும். இது வெறும் கற்பனை இல்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தன் மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) எழுத்துகளை ஓயாமல் திரும்ப முயலும் வழக்கம் உடையது. அதனால் அன்மவுண்ட் தொங்கிப்போவது உண்மையாகவே நடந்தது. எத்தனை முறை முயல்வது, அன்மவுண்ட் வேளையில் விட்டுவிடுவதா என்று நிர்வாகி தீர்மானிக்க அவர்கள் தனி அமைப்புகளைத் தர வேண்டியதாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. கோப்பு முறைமைக்குப் பிழை வந்து சேரும் நேரத்துக்குள் அடியில் இருப்பவர்கள் எல்லாரும் முயன்று பார்த்து முடித்திருப்பார்கள். டிஸ்க் தானே முயன்றிருக்கும், டிஸ்கோடு பேசும் ஸ்கசி அடுக்கு முயன்றிருக்கும், மல்ட்டிபாத் இருந்தால் வேறு பாதையில் போய்ப் பார்த்திருக்கும். தேவைப்படும்போது மட்டும் இடம் ஒதுக்கும் டிஎம்-தின் தொகுப்பில் இடம் தீர்ந்தால்கூட, யாராவது இடம் சேர்ப்பார்களா என்று இயல்பாக 60 விநாடி எழுத்துகளை நிறுத்திவைத்துக் காத்திருந்துவிட்டுத்தான் பிழை சொல்லும். தற்காலிகத் தடங்கலுக்கு மறுமுயற்சி வேண்டுமென்றால் அதை அந்த அடுக்கில் செய்ய வேண்டும். பேஜ் கேஷில் செய்வது இடம் மாறிய வைத்தியம்.

போஸ்ட்கிரெஸ் குழுவும் கடைசியில் இதை ஏற்றுக்கொண்டது. 2019 பிப்ரவரியில் வெளியான 11.2 முதலான பதிப்புகளில், தரவுக் கோப்பின் எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயல்வதை விட்டுவிட்டு முழுத் தரவுத்தளமும் அங்கேயே விழுந்து, எழுந்ததும் மாற்றங்களைப் பதிந்து வைத்த லாகிலிருந்து தன்னை மீட்டுக்கொள்கிறது. முன்பு அவர்கள் செய்தது நீங்கள் இப்போது செய்வதேதான்: தோற்றால் மறுபடி எஃப்சிங்க் அழை, வெற்றி வந்தால் மேலே போ. அந்த இரண்டாவது வெற்றிக்கு "உங்கள் தரவு டிஸ்கில் இருக்கிறது" என்று பொருளே இல்லை. "போன தடவை சொன்னதற்குப் பிறகு புதிதாக எதுவும் தோற்கவில்லை" என்பது மட்டும்தான் அதன் பொருள்.

சரி, உங்கள் மாட்யூல். 4.13-ல் எல்லாம் மாறியது என்றேன். ஆனால் எஃப்சிங்க் அழைப்பு வந்ததும் மேலடுக்கான விஎஃப்எஸ் தானாக எர்செக்கை ஒப்பிடுவதில்லை. நேராகக் கோப்பு முறைமையின் எஃப்சிங்க் ஃபங்ஷனிடம் கொடுத்துவிடுகிறது. ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு. பழைய உதவி ஃபங்ஷன்களும் ஒத்திசைவுக்காகக் கர்னலில் அப்படியே இருக்கின்றன. எழுத்துப் பிழையைப் பதிவு செய்யும் மேப்பிங்_செட்_எரர், எர்செக்கையும் புதுப்பிக்கும், பழைய இரண்டு கொடிகளையும் ஏற்றும். இந்த இரட்டைப் பதிவில்தான் உங்கள் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

உங்கள் எஃப்சிங்க் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபைல்மேப்_ரைட்_அண்ட்_வெயிட்_ரேஞ்ச் என்ற அழைப்பு இருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன். அது பழைய காலத்து ஃபங்ஷன். அட்ரஸ் ஸ்பேஸை மட்டும் வாங்கிக்கொள்ளும், பழைய கொடியைப் பார்த்து இறக்கிவிடும். யார் கேட்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது, ஏனென்றால் ஃபைல் அமைப்பு அதன் கைக்குப் போவதே இல்லை. அதன் இடத்தில் ஃபைல்_ரைட்_அண்ட்_வெயிட்_ரேஞ்ச் வர வேண்டும். பெயரில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இது ஃபைல் அமைப்பை வாங்கிக்கொள்கிறது. அதிலுள்ள குறிப்பை எர்செக்கோடு ஒப்பிட்டு முன்னேற்றுகிறது. மாட்யூல் 4.13-க்கு முன்பு எழுதப்பட்டு, கம்பைல் ஆகும் அளவுக்கு மட்டும் திருத்தப்பட்டு 5.15 வரை வந்திருந்தால், இந்த வரி யார் கண்ணிலும் பட்டிருக்காது. பழைய பெயர் இன்னும் செல்லும் என்பதால் கம்பைலர் எச்சரிக்கவும் செய்யாது.

அந்த வரியோடு நின்றுவிடாதீர்கள். அதே ஃபங்ஷனில் இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். தரவை எழுதி முடித்த பிறகு ஐநோடையும் மற்ற மெட்டாடேட்டாவையும் எழுதுவீர்கள். அந்தக் கட்டத்திலும் பிழை விழலாம். கர்னலின் பொதுவான எஃப்சிங்க் ஃபங்ஷன் கடைசியில் ஃபைல்_செக்_அண்ட்_அட்வான்ஸ்_டபிள்யூபி_எரர் என்பதை இன்னொரு முறை அழைப்பது அதற்காகத்தான். அதைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு. அப்புறம் ஃபிளஷ். டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று சொல்வது தன் சொந்த கேஷில் வாங்கிக்கொண்டதைத்தான். மின்சாரம் போனால் அது போய்விடும். எல்லாம் எழுதிய பின் பிளாக் அடுக்குக்கு ஒரு ஃபிளஷ் கட்டளை போகிறதா, அதன் திரும்பு மதிப்பைப் பார்க்கிறீர்களா என்று சரிபாருங்கள். சொந்தக் கோப்பு முறைமைகளில் இது விட்டுப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று. நீங்களே பயோ (டிஸ்குக்குப் போகும் கோரிக்கை) கட்டி அனுப்புகிறீர்கள் என்றால், அது முடிந்ததும் ஓடும் ஃபங்ஷனில் பயோவின் நிலையைப் பார்த்து மேப்பிங்_செட்_எரர் அழைக்கிறீர்களா? பக்கத்தில் பிழைக் குறியை மட்டும் வைத்துவிட்டு விட்டால் எர்செக்குக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு முதல் இஐஓ ஒழுங்காக வருவதால் இந்தப் பகுதி நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு பாதையில் மட்டும் நன்றாக இருக்கலாம். நீட்டிப்பு எழுத்து, துளை நிரப்பும் எழுத்து, எம்மேப் (கோப்பை நினைவகம் போலவே காட்டும் அழைப்பு) வழியாக வந்த எழுத்து என்று ஒவ்வொன்றும் வேறு வேறு முடிவு ஃபங்ஷனுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

சோதிக்க உண்மையான கெட்ட டிஸ்க் வேண்டாம். ஒருமுறை ஒரு சேமிப்புத் தொகுப்பில் இடம் தீர்ந்து தரவு காணாமல் போனபோது, கோளாறு தானாகத் திரும்பி வரும் என்று மூன்று நாள் காத்திருந்தவன் நான். அந்த மூன்று நாளும் வீண். டிஸ்கின் மேல் மெய்நிகர் டிஸ்க் அமைக்கும் டிவைஸ் மேப்பர் இருக்கும்போது பிழையை நினைத்த நேரத்தில் வரவழைக்கலாம். நல்ல டிஸ்கின் மேல் ஒரு லீனியர் (எல்லாவற்றையும் அப்படியே கடத்தும்) அட்டவணையை வைத்துக் கோப்பு முறைமையை மவுண்ட் செய்யுங்கள். வேண்டிய நேரத்தில் நிறுத்திவைத்து, எரர் வகை அட்டவணையை ஏற்றி, மறுபடி ஓட விடுங்கள். அந்த நொடி முதல் எல்லா எழுத்தும் தோற்கும். விட்டு விட்டுத் தோற்க வேண்டுமானால் டிஎம்-ஃபிளேக்கி இருக்கிறது. அது இத்தனை விநாடி நன்றாகவும் இத்தனை விநாடி கெட்டதாகவும் நடக்கும். எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கச் சொல்லவும் முடியும். இதையெல்லாம் மெய்நிகர் இயந்திரத்தில் செய்யுங்கள், வேலை செய்யும் கணினியில் வேண்டாம்.

எழுத வேண்டிய சோதனையும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பில் ஜெனரிக்/441 என்பது உங்கள் கேள்விக்கென்றே செய்தது போல இருக்கும்: ஒரே கோப்பைப் பலமுறை திறக்கும், எல்லாவற்றிலும் எழுதும், டிஸ்கைக் கெடுக்கும், ஒவ்வொரு டிஸ்கிரிப்டரிலும் எஃப்சிங்க் பிழை சொல்கிறதா என்று பார்க்கும். உங்கள் மாட்யூல் இப்போது அதில் தோற்கும். வரியை மாற்றிய பின் தேற வேண்டும். மாற்றுவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டித் தோல்வியைப் பார்த்துவிடுங்கள். தோற்காத சோதனையை நம்பிச் செய்த திருத்தம் எதைத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அதே தொகுப்பின் குயிக் குழுவை முழுதாக, லாக்டெப்பும் (பூட்டுப் பிழைகளைக் காட்டுவது) காசானும் (நினைவகப் பிழைகளைக் காட்டுவது) இயக்கிய கர்னலில் ஓட்டுங்கள்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், கோப்பு நடத்தையில் கை வைத்த நல்ல திருத்தங்களே வேறு இடத்தில் உடைத்த கதைகள் ஏராளம். எனக்குப் பிடித்தது இது. ஒரே ஃபைல் அமைப்பைப் பகிரும் இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் எழுதினால், கோப்பின் இடக்குறியை (அடுத்துப் படிக்கும் அல்லது எழுதும் இடத்தை) இருவரும் ஒன்றாகப் படித்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம். ஒருவர் தரவு அழியும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை அப்படி நடக்கக் கூடாது என்கிறது. 2014-ல் 3.14 கர்னலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இடக்குறிக்கு ஒரு பூட்டுப் போட்டார். எவ்வளவு நியாயமான மாற்றம்! ஆனால் ரீடும் ரைட்டும் முடியும் வரை அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும். சாதாரணக் கோப்புக்கு அது பரவாயில்லை. சென் மெய்நிகராக்கத்தில் புரோக் கோப்பகத்துக்குள் இருக்கும் சென்பஸ் கோப்பு பார்வைக்குச் சாதாரணக் கோப்பு, உள்ளே இருவழித் தொடர்பு. ஒரு திரெட் ரீடில் பதிலுக்காகக் காத்திருக்கும். அந்தப் பதில் வர வேண்டுமானால் இன்னொரு திரெட் ரைட் செய்ய வேண்டும். ரைட்டோ பூட்டுக்காகக் காத்திருக்கும். முழு முடக்கம். இதற்குப் பொதுத் தீர்வாக, இடக்குறியே இல்லாத ஓடை வகைக் கோப்புகளுக்கென்று ஸ்ட்ரீம்_ஓப்பன் வந்தது 2019-ல்தான்.

அதே பூட்டில் இன்னொரு பாடம் 2023-ல் கிடைத்தது. ஃபைல் அமைப்பை ஒருவர் மட்டுமே வைத்திருந்தால் பூட்டுப் போடத் தேவையில்லை என்று ஒரு வேகக் குறுக்குவழி உள்ளே இருந்தது. எண்ணிக்கை ஒன்று என்றால் வேறு யாரும் இடையில் வர முடியாது என்பது அதன் நம்பிக்கை. பிறகு பிட்எஃப்டி_கெட்எஃப்டி என்ற அழைப்பு வந்தது. அது இன்னொரு புரோசஸின் டிஸ்கிரிப்டரை வெளியிலிருந்தே நகலெடுக்கும். பூட்டில்லாமல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணிக்கை இரண்டாகிவிடலாம். கோப்பகங்களைப் படிக்கும் நிரல் இந்தப் பூட்டைத்தான் நம்பியிருக்கிறது என்பதால் அதற்குக் குறுக்குவழியை எடுத்துவிட்டு, சாதாரணக் கோப்புகளுக்கு மட்டும் திரும்ப வைத்தார்கள். முதல் நிரலை எழுதியவர் தவறு செய்யவில்லை. அவர் எழுதியபோது அது உண்மை. பிறகு உலகம் மாறியது.

தவறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டும் திருத்தாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அப்பெண்ட் (எப்போதும் கடைசியில் சேர்) கொடியோடு திறந்த கோப்பில், இடத்தைச் சொல்லி எழுதும் பிரைட்டை அழைத்தால், நீங்கள் சொன்ன இடத்தில் எழுத வேண்டும் என்கிறது பாசிக்ஸ். லினக்ஸ் அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் கோப்பின் கடைசியில் சேர்க்கிறது. கையேட்டிலேயே இது பிழை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பல வருடமாக இப்படியே இருந்ததால் இதை நம்பி எழுதிய புரோகிராம்கள் இருக்கக்கூடும். இன்று மாற்றினால் அவற்றின் தரவு மேலெழுதப்படும். அதனால் பழையதைத் தொடாமல், 6.9-ல் பிரைட்வி2 அழைப்புக்கு நோஅப்பெண்ட் என்று ஒரு புதிய கொடியைத் தந்தார்கள். வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் செய்ததை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

5.15-ல் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புதிய கர்னலிலிருந்து ஒரு திருத்தத்தை மட்டும் பிய்த்து உங்கள் பழைய கர்னலில் ஒட்ட ஆசை வரும். 2023 இறுதியில் 6.1.64 நிலைப் பதிப்பில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு ஒரு நல்ல திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். பேஜ் கேஷைத் தவிர்க்கும் நேரடி எழுத்தில் கோப்பின் அளவை ஒழுங்காக ஒத்திசைப்பதற்கு. ஆனால் அது கோப்பு முறைமைகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஐயோமேப் அடுக்கில் முன்பு வந்த வேறொரு மாற்றத்தை நம்பியிருந்தது. அந்த மாற்றம் 6.1 தொடரில் இல்லை. விளைவாக, நேரடி எழுத்துக்குப் பின் இடக்குறி தவறான இடத்துக்கு நகர்ந்து, தரவு கெட்டது. 6.1.66-ல்தான் சரிசெய்தார்கள். டெபியன் லினக்ஸின் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்துவிட்டு 12.4-ஐ வெளியிட வேண்டியிருந்தது. எடுத்த திருத்தத்தில் குறையே இல்லை, அது நின்ற தரைதான் இல்லை. நீங்கள் ஒன்றை எடுப்பதாக இருந்தால், அது தொடும் ஒவ்வொரு மாறியையும் யார், எந்த வரிசையில் மாற்றுகிறார்கள் என்று இரண்டு கர்னல்களிலும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய ஃபைல்_ரைட்_அண்ட்_வெயிட்_ரேஞ்ச் 5.15-லேயே இருப்பதால் இந்தத் தடவை அந்தத் தொல்லை இல்லை.

வரியை மாற்றி, 441-ல் தேறி, எல்லாம் முடிந்த பிறகு உங்கள் இயந்திரங்களில் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை. அந்த இரண்டாவது புரோசஸ் இதுவரை எஃப்சிங்கிலிருந்து இஐஓவைப் பார்த்ததே இல்லை, இனி பார்க்கும். அதன் நிரலில் எஃப்சிங்கின் திரும்பு மதிப்பை வாங்கும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் படியுங்கள். மதிப்பைப் பார்க்காமல் விட்டிருந்தால் நீங்கள் செய்த திருத்தம் அங்கே போய்ச் சேராது. பிழை வந்தால் வெற்றி வரும் வரை திரும்பத் திரும்ப அழைக்கும் சுழற்சி இருந்தால், அது இரண்டாவது சுற்றில் வெற்றி வாங்கிக்கொண்டு பழையபடியே போய்விடும். அந்தச் சுழற்சியை எடுத்துவிட்டு, தரவு இன்னும் கைவசம் இருந்தால் வேறு கோப்பில் புதிதாக எழுதி எஃப்சிங்க் செய்யுங்கள். இல்லையென்றால் புரோசஸை நிறுத்தி, கடைசியாக உறுதியான நிலையிலிருந்து மீட்டெடுங்கள். முதல் புரோசஸிலும் இப்போது இருக்கும் அந்த மறுஅழைப்பை எடுக்க மறக்காதீர்கள்.